மலைநாட்டு உப்புநீர்த் தொட்டியில் அரிய டாங் மீன்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டாங் என்பவை வாலின் அடியில் கத்தி போன்ற முள் கொண்ட கடல்மீன்கள். அவற்றில் மஞ்சள் டாங்கையும் நீல டாங்கையும் வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து ஆசை வருவது, கடைகளில் எப்போதாவது மட்டுமே தலைகாட்டும் இனங்களின் மீதுதான். அதற்கு மொரீசியஸ் கடலின் விலையுயர்ந்த ஜெம் டாங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்து சமுத்திரத்திலேயே, நம் தீவைச் சுற்றியே, பல இருக்கின்றன. செவுளுக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டைகள் கொண்ட டெனன்டி டாங் அவற்றில் ஒன்று. இலங்கையின் பிரித்தானியக் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயரை 1861 இல் அதற்கு இட்டார்கள். குட்டியில் மஞ்சளாக இருந்து வளர வளரக் கருமை ஏறும் டெனோகீட்டஸ் ட்ரங்கேட்டஸ், குட்டிப் பருவத்தில் ஈப்ல் ஏஞ்சல் மீனைப் போல வேடம் போடும் அகாந்துரஸ் ட்ரிஸ்டிஸ், பாய்மரம் போலச் செட்டை விரிக்கும் டெஸ்ஜார்டினி, வால் அடியில் செம்மஞ்சள் கத்திகளோடு வரும் நாசோ எலெகன்ஸ், அலை உடையும் பாறைகளில் வாழும் வரி டாங் என்று பட்டியல் நீளும்.

இவற்றை வளர்ப்பது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் கடல் மட்டத்தில் வாழ்பவர்கள் எழுதியவை. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் அதே அறிகுறிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆகவே மீனிடம் எந்த மாற்றத்தைக் கண்டாலும் மருந்துப் போத்தலைத் திறக்குமுன் வெப்பநிலை, நீரில் கரைந்த ஒட்சிசன், உவர்த்தன்மை ஆகிய மூன்றையும் பாருங்கள். இங்கே நோய் என்று நினைத்து மருந்திடப்படும் மீன்களில் பல, உண்மையில் மூச்சுக்குத் தவிப்பவை. மூச்சுத் திணறும் மீனுக்குச் செப்பு மருந்து இடுவது அதைக் கொல்வதற்கு நிகர்.

மூச்சு வேகமாக வாங்குகிறது, நீர் வந்து விழும் இடத்திலேயே நிற்கிறது

மலைநாட்டில் அதிகம் காணும் அறிகுறி இதுதான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறைந்தால் நீரில் கரையக்கூடிய ஒட்சிசனும் குறைகிறது. 25 பாகை செல்சியஸில், கடல் மட்டத்தில், கடல்நீர் லீற்றருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஹட்டனில் அது 5.7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் 5.3 தான். இது நீர் தாங்கக்கூடிய உச்ச அளவு. மீன்கள் நிறைந்த தொட்டியில் விடியற்காலையில் இருப்பது இதைவிடக் குறைவு. டாங் மீன்களோ அலையும் நீரோட்டமும் ஓயாத, ஒட்சிசன் நிறைந்த பாறைகளில் நாள் முழுவதும் நீந்தித் திரிபவை. கொழும்பில் ஒரு தொட்டிக்குப் போதுமான பம்ப் அதே தொட்டிக்கு இங்கே போதாமல் போவதன் காரணம் இதுவே.

முதலில் எல்லா மீன்களையும் பாருங்கள். அனைத்தும் மூச்சு வாங்கினால் குற்றம் நீரில் இருக்கிறது. டாங் மட்டும் வாங்கினால் அதன் செவுளில் ஒட்டுண்ணியோ, அம்மீனின் கூடுதல் ஒட்சிசன் தேவையோ காரணமாகலாம். அடுத்து ஒரு காற்றுக் கல்லை இறக்குங்கள், நீர் வெளிவரும் குழாயின் வாயைத் திருப்பி நீரின் மேற்பரப்பு கலங்கும்படி செய்யுங்கள். அரை மணி நேரத்துக்குள் செவுளின் வேகம் தணிந்தால் விடை கிடைத்துவிட்டது. தணியாவிட்டால் அமோனியாவைச் சோதியுங்கள். அது சிறிதளவு காட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பநிலையிலும் அதே உவர்த்தன்மையிலும் தயாரித்த புதுநீரால் மாற்றுங்கள்.

காரணம் ஒட்சிசன்தான் என்றால் மூடியைப் பாருங்கள். குளிருக்குப் பயந்து தொட்டியைக் கண்ணாடியால் இறுக மூடுவது இங்கே பலரின் பழக்கம். வெப்பம் தங்குகிறது, ஆனால் நீருக்கும் காற்றுக்கும் இடையிலான பரிமாற்றம் அடைபட்டுப் போகிறது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். டாங் துள்ளக்கூடியது, மூடாமலும் விட முடியாது. இழக்கும் வெப்பத்தைத் தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் அடியிலும் ரெஜிபோம் தகடு ஒட்டிச் சரிக்கட்டலாம்.

வெப்பநிலையை 25 பாகைக்கு மேல் கொண்டு போக வேண்டாம். நம் கடல் 28 பாகையில் இருக்கிறதே என்று அதே அளவை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கடலில் அந்தச் சூட்டை ஈடுசெய்ய அலை இருக்கிறது, கடல் மட்டத்துக் காற்றமுக்கமும் இருக்கிறது. இங்கே கூட்டும் ஒவ்வொரு பாகையும் ஏற்கெனவே குறைந்திருக்கும் ஒட்சிசனில் இருந்து இன்னும் கொஞ்சத்தைப் பிடுங்குகிறது.

இதோடு இணைந்த இன்னொரு குறை உண்டு. மாலையானதும் ஜன்னல்களை அடைத்துவிடுகிறோம். உள்ளே ஆட்களின் மூச்சும் அடுப்பும் சேர்ந்து காபனீரொட்சைட்டை ஏற்றுகின்றன. தொட்டி நீரின் பி.எச்., அதாவது அமில, கார அளவு, 7.8 க்கும் கீழே இறங்குகிறது. மீன் சோர்ந்து மூச்சு வாங்கும். நுரையோடு கழிவை அகற்றும் கருவியான ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சும் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் இரண்டொரு நாளில் பி.எச். ஏறுவதைக் காணலாம். தோட்டத்தில் மருந்தடிக்கும் நாட்களில் மட்டும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பம்பை விறகடுப்புக்கும் சாம்பிராணிப் புகைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அது உறிஞ்சுகிற புகை நேராக நீருக்குள் போகும்.

உடலில் வெள்ளைப் புள்ளிகள்

டாங் இனங்களின் தோலில் சளிப் படலம் மெல்லியது. அதனால் கிரிப்டோகேரியன் என்னும் ஒட்டுண்ணி மற்ற மீன்களைத் தொடுவதற்கு முன்னரே இவற்றைப் பிடிக்கிறது. டெனன்டி, ட்ரிஸ்டிஸ், வரி டாங் அடங்கும் அகாந்துரஸ் பேரினத்தவை எளிதாகப் பிடிபடும். டெஸ்ஜார்டினி அடங்கும் செப்ராசோமாவும், டெனோகீட்டசும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

புள்ளியின் அளவைக் கவனித்துப் பாருங்கள். உப்புக் கல் அளவில், எண்ணக்கூடியதாக, செட்டைகளில் தெளிவாகத் தெரிந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். மாவு தூவியது போல, பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் பொன்னிறமாக மின்னினால் அது அமைலூடினியம், வெல்வெட் நோய். வெல்வெட் முதலில் செவுளைத் தாக்குகிறது. தோலில் எதுவும் தெரியுமுன்பே மீன் வெளிச்சத்தை வெறுத்து, உணவை விட்டு, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். சில நாட்களில் தொட்டியையே காலி செய்துவிடக்கூடியது இது. சந்தேகம் எழுந்த அன்றே செயற்படுங்கள்.

வெள்ளைப்புள்ளியில் மக்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். ஒட்டுண்ணி மூன்றிலிருந்து ஏழு நாட்கள் மீனின் மேல் தங்கிவிட்டு, பெரும்பாலும் இரவில், தானாகவே உதிர்ந்துவிடும். புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததாக வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். அது மணலிலும் பாறையிலும் கூடு கட்டிப் பெருகி, வாரங்கள் கழித்து நூற்றுக்கணக்கில் திரும்பி வருகிறது. பூண்டு ஊறவைத்த உணவு, மஞ்சள்தூள் போன்றவை வேலை செய்வதாகத் தோன்றுவதும் இந்த இடைவெளியில்தான். அவை இந்த நோயைத் தீர்ப்பதில்லை.

தீர்வு நீண்டது. எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டி 76 நாட்கள் மீனில்லாமல் கிடக்க வேண்டும். தனித்தொட்டியில் மணலும் பாறையும் வேண்டாம், அவை செப்பை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும். பிணைக்கப்பட்ட (chelated) செப்பு மருந்தானால் லீற்றருக்கு 2.25 இலிருந்து 2.5 மில்லிகிராம், கியூப்ரமின் என்ற பெயரில் விற்கும் செப்பு மருந்து போன்றவற்றுக்கு 0.5 மில்லிகிராம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மீன் ஒரே இரவில் செத்துவிடும். ஆகவே போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து, செப்பை அளக்கும் சோதனைக் கருவி கையில் இருந்தால் மட்டுமே தொடங்குங்கள். டாங்குக்கு அளவை இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக ஏற்றி, 30 நாட்கள் குறையாமல் வைத்திருங்கள். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு மீண்டும் முதலிலிருந்துதான்.

தனித்தொட்டி சிறியது. குளிர் அறையில் அது சீக்கிரம் சூட்டை இழக்கும். 80 லீற்றர் தொட்டிக்கு 150 வொட் ஹீற்றர் ஒன்றும் இரண்டு காற்றுக் கற்களும் வேண்டும். நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் வெள்ளைப்புள்ளிக்குச் செய்வதைப் போல வெப்பத்தை 30 பாகைக்கு ஏற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கடல் நோயை அது தீர்க்காது. நம் உயரத்தில் மீனுக்கு இருக்கும் கொஞ்ச மூச்சையும் அது அடைத்துவிடும்.

வெல்வெட்டா செவுள் புழுவா என்று தெரியாமல் மீன் தவித்தால் ஐந்து நிமிட நன்னீர்க் குளியல் ஓரளவு காட்டிக்கொடுக்கும். கறுப்பு வாளியில் தொட்டியின் அதே வெப்பநிலையில் நன்னீர் எடுங்கள். பீலித் தண்ணீர் மென்மையானது, சற்றுப் புளிப்பானது. அப்பச்சோடா கலந்து பி.எச்.சைத் தொட்டிக்குச் சமமாக்கி, கால் மணி நேரம் காற்று விட்ட பிறகே மீனை இறக்குங்கள். தோலைப் பற்றியிருக்கும் தட்டைப்புழுக்கள் வெள்ளையாகி உதிர்ந்து வாளியின் அடியில் எள் அளவில் கிடப்பது தெரியும். புழு என்றால் பிராசிகுவாண்டல் மருந்து. அதுவும் நீரின் ஒட்சிசனைக் குறைக்கக்கூடியது, அதனால் காற்றுக் கல் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

தின்கிறது, ஆனாலும் மெலிகிறது

மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டி, வயிறு உள்வாங்கியிருந்தால் மீன் பட்டினியில் இருக்கிறது. உணவைத் தின்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலும் அப்படித்தான்.

அரிய இனங்களில் இந்தப் பிழை அடிக்கடி நேர்வதற்குக் காரணம், எல்லா டாங்கும் ஒரே உணவைத் தின்னும் என்ற எண்ணம். அவற்றின் வாயைப் பார்த்தால் போதும், உண்மை விளங்கிவிடும். டெனோகீட்டஸ் ட்ரங்கேட்டசின் பற்கள் மெல்லிய, அசையும் சீப்புப் போன்றவை. அது இலையைக் கடிப்பதில்லை. பாறையின் மேல் படிந்த நுண்பாசியையும் மண்டியையும் துடைத்து எடுக்கிறது. கிளிப்பில் தொங்கும் கடற்பாசித் தாளை அது முகர்ந்துவிட்டுப் போய்விடும். இந்த மீனுக்கு வளர்ந்து பழுத்த தொட்டி வேண்டும். பின்கண்ணாடியைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். தட்டையான கற்கள் சிலவற்றை நல்ல வெளிச்சத்தில் ஒரு வாளி உப்புநீரில் போட்டுப் பாசி பிடிக்கவைத்து, முறை மாற்றித் தொட்டிக்குள் வையுங்கள். பாசித் தூளை ஜெலட்டினில் கரைத்துக் கல்லின் மேல் பூசி உறையவைத்துக் கொடுத்தாலும் துடைத்துத் தின்னும்.

செப்ராசோமாவும் பெரும்பாலான அகாந்துரசும் இலையைக் கடிப்பவை. கடற்பாசித் தாள் இவற்றுக்குப் பொருந்தும். சமையலுக்கான நோரியில் உப்பும் எண்ணெயும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். கற்பிட்டிப் பக்கத்தில் எடுக்கப்படும் இலங்கைப் பாசி என்ற கிராசிலேரியா காய்ந்து கிடைக்கும். அதை ஊறவைத்து, அலசி, கல்லில் கட்டி விட்டால் டெஸ்ஜார்டினி ஆசையாகத் தின்கிறது. நம் ஊரில் மலிந்து கிடக்கும் லெட்டிஸ், கோவா, கீரை எல்லாம் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. எப்போதாவது கொடுங்கள், முதன்மை உணவாக்க வேண்டாம்.

அகாந்துரஸ் தொம்சோனி, அகாந்துரஸ் மேட்டா, சில நாசோ இனங்கள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்பவை. பாசி மட்டும் கொடுத்தால் இவை மெலிந்துபோகும். மைசிஸ் போன்ற சிற்றிறால் உணவை ஒரு நாளில் மூன்று நான்கு தடவை சிறிது சிறிதாகத் தூவ வேண்டும்.

டாங்கின் குடலில் உணவைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்க் கூட்டம் வாழ்கிறது. செங்கடல் டாங் ஒன்றின் குடலில் கண்ணுக்கே தெரியும் அளவு பெரிய பக்டீரியா ஒன்று வாழ்கிறது, எபுலோபிசியம் என்பது அதன் பெயர். பிடிபட்ட நாளிலிருந்து பல நாட்கள் பட்டினி கிடந்து வந்த மீனில் இந்தக் கூட்டம் அழிந்திருக்கலாம். அதன் பிறகு தின்றாலும் உடம்பில் ஒட்டுவது கடினம். கடையில் மீன் தின்பதைப் பார்த்தே வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வாங்கிவிட்டீர்களானால், ஆரோக்கியமான வேறொரு டாங்கோடு பின்னர் ஒரே தொட்டியில் வாழவிடுவது உதவக்கூடும்.

எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கினால் உள்ளே புழுவோ ஒற்றைக்கல உயிரியோ இருக்கலாம். முன்னதற்குப் பிராசிகுவாண்டல், பின்னதற்கு மெட்ரோனிடசோல், இரண்டையும் உணவில் கலந்து கொடுப்பதே பயன் தரும்.

காலையில் எழுந்து பார்த்தால் மீன் அடியில் சாய்ந்து கிடக்கிறது

நீரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் இரவில் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது ஹீற்றர் செத்திருக்கிறது. தை மாதத்து நுவரெலியாவில் வீட்டுக்குள்ளேயே 12, 13 பாகை இருக்கும் இரவுகள் உண்டு. பம்பும் நின்று ஹீற்றரும் நின்றால் குளிர், மூச்சு என்ற இரண்டு அடிகளும் ஒன்றாக விழுகின்றன.

முதலில் காற்று, பிறகுதான் சூடு. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் ஒரு குவளையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு வெந்நீர் நிரப்பி இறுக மூடிய போத்தல்களைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். வெந்நீரை நேரடியாக ஊற்றக் கூடாது. மணிக்கு ஒரு பாகை அளவில் ஏறினால் போதும். 19 பாகையில் கிடக்கும் மீனை ஒரு மணி நேரத்தில் 25 க்குக் கொண்டுவர முயன்றால், குளிர் கொல்லாததை அவசரம் கொன்றுவிடும். அன்று முழுவதும் உணவு வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில், மலைநாட்டுத் தொட்டிகளுக்கு எது அவசியம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் மின்கலக் காற்றுப் பம்ப் ஒன்று. முடிந்தால், 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும் சிறிய நீரோட்டப் பம்ப் ஒன்று. ஹீற்றரை மின்கலத்தில் ஓட்ட நினைக்காதீர்கள், அது மின்கலத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். மின்சாரம் இல்லாத நேரத்தில் தடித்த போர்வை ஒன்றைத் தொட்டியின் நான்கு பக்கமும் சுற்றி, மேற்புறத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

ஹீற்றர் விஷயத்தில், கடல் மட்டத்தில் லீற்றருக்கு 1 வொட் கணக்குப் போதும் என்பார்கள். இங்கே அறைக்கும் நீருக்கும் 10 பாகைக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் 2 வொட் வரை தேவைப்படும். அதை ஒரே பெரிய ஹீற்றராக வாங்க வேண்டாம், இரண்டு சிறியவையாகப் பிரியுங்கள். ஒன்று செயலிழந்தால் மற்றது மீனைக் காக்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டி வெந்துபோகாது. இரண்டையும் வெளிக் கட்டுப்படுத்தி ஒன்றின் வழியாக இணைத்தால் இன்னும் நல்லது.

குளிர் அறையில் இதமான நீர் வேகமாக ஆவியாகும். ஜன்னல் கண்ணாடியில் வழிவது உங்கள் தொட்டி நீர்தான். உப்பு பின்தங்கிவிடுவதால் உவர்த்தன்மை கூடும், ஆகவே நாள்தோறும் நன்னீர் சேர்க்க வேண்டும். உவர்த்தன்மையை அளக்கும் ரிஃப்ரெக்டோமீற்றரை அதன் அளவீட்டுத் திரவத்தால் சரிபார்த்து, தொட்டியின் உவர்த்தன்மையை ஆயிரத்துக்கு 35 இல் நிறுத்துங்கள். கருவியை அறையின் குளிரில் சற்று நேரம் வைத்து, துளி நீரும் அதே குளிருக்கு வந்த பிறகு படித்தால் பிழை குறையும்.

கண்ணைச் சுற்றியும் பக்கவாட்டுக் கோட்டிலும் குழிகள்

தலை, பக்கக்கோட்டு அரிப்பு என்பது தொற்றும் நோய் அன்று. சத்துக் குறைவு ஒரு காரணம். பாசி உணவோடு விற்றமின் சேர்த்துக் கொடுத்தால் தொடக்க நிலையில் ஆறும். வடிகட்டியில் வைக்கும் கரி மற்றொரு காரணம். 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், பழுப்பு நிலக்கரியில் செய்த கரியோடு வளர்ந்த அத்லாந்திக் டாங் மீன்களின் தலையில் இந்த அரிப்பு தோன்றியது. கரியிலிருந்து உதிரும் நுண்தூளின் மேல்தான் பலருக்கும் சந்தேகம். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் நாட்டில் செய்யும் சிரட்டைக் கரி கடினமானது, தூள் குறைவாக உதிர்ப்பது. அதையே வாங்கி, நீர் தெளியும் வரை கழுவி, தேவையான சில நாட்கள் மட்டும் வைத்து எடுத்துவிடுங்கள். குழிகள் ஆற மாதங்கள் ஆகும். ஆழமான தழும்பு போகாது.

நிறம் மாறிவிட்டது

இரவில் வெளிறுவதும் திட்டுத் திட்டாகத் தெரிவதும் இயல்பு, விளக்கு போட்டுச் சற்று நேரத்தில் சரியாகும். ட்ரங்கேட்டஸ் குட்டியின் மஞ்சள் மறைந்து கருமை ஏறுவதும், ட்ரிஸ்டிஸ் தன் ஏஞ்சல் வேடத்தைக் கலைத்துப் பழுப்பாவதும் வளர்ச்சி. கடைக்காரர் வேறு மீனைத் தந்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பகலிலும் நிறம் மங்கி, செட்டை மடங்கியிருந்தால் மட்டும் மேலே சொன்ன மூச்சுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

மற்ற மீன்களைத் துரத்துகிறது, வெட்டுகிறது

வாலின் அடியில் உள்ள கத்தி விளையாட்டுப் பொருளல்ல. ஒரே வடிவமுள்ள, ஒரே உணவைத் தின்னும் இரண்டு டாங் சிறிய தொட்டியில் சண்டையிடாமல் இருப்பது அபூர்வம். கடைசியாக விட வேண்டியது எப்போதும் அதிகம் சண்டையிடும் இனம். ஏற்கெனவே குடியிருக்கும் மீன் புதியதைத் துரத்தினால், துளைகளிட்ட தெளிந்த பெட்டியில் புதியதை வைத்து, ஒரு வாரம் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். பாறைகளின் இடத்தை மாற்றுவதும் பழைய மீனின் உரிமைக் கணக்கைக் குலைக்கும்.

ஆனால் இட நெருக்கடியை எந்த உபாயமும் தீர்க்காது. ட்ரங்கேட்டஸ் 18 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும், நான்கைந்து அடித் தொட்டியில் வாழ்ந்துகொள்ளும். டெனன்டி 30 ஐத் தாண்டும். வரி டாங் 38, டெஸ்ஜார்டினி 40, நாசோ எலெகன்ஸ் 45. இவற்றுக்கு ஆறடித் தொட்டியே குறைவு. வரி டாங்கை மலைநாட்டு வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அழகில் அதற்கு இணை குறைவுதான். ஆனால் அலை உடையும் இடத்தின் மூச்சு அதற்கு வேண்டும், நம் உயரத்தில் அதைக் கொடுப்பது மிகக் கடினம். மூச்சு முட்டும்போது அதன் மூர்க்கமும் கூடுகிறது.

டாங்கை வலையில் பிடிக்காதீர்கள், கத்தி வலையில் சிக்கித் தோல் கிழியும். பெட்டியால் அள்ளுங்கள். உங்கள் கை வெட்டுப்பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வீங்கிச் சிவந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வந்த நாளே மூலையில் ஒதுங்கி நிற்கிறது

நீர்கொழும்பிலோ கொழும்பிலோ பொதி செய்த மீன், கினிகத்தேனை ஏறி ஹட்டன் சேருவதற்குள் பல மணி நேரம் பையில் கழிக்கிறது. ஏற ஏற வெளியமுக்கம் குறைவதால் பைக்குள் இருக்கும் வாயு விரிகிறது. ஹட்டனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, நுவரெலியாவில் நான்கில் ஒரு பங்கு. இறுகக் கட்டிய பை உப்பிக் கிடக்கும்போது வால் கத்தி ஒரு தடவை பட்டால் போதும். பையை முழுதாக ஊத வேண்டாம், இரட்டைப் பை போடுங்கள், இடையில் பத்திரிகைத் தாள் வையுங்கள் என்று கடைக்காரரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். பையை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ரயிலில் வருபவர்கள் பெட்டியைக் கதவோரக் காற்றில் வைக்காமலிருப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலக்கும் முறையை, இவ்வளவு நேரம் பையில் இருந்த மீனுக்குச் செய்யாதீர்கள். பைக்குள் காபனீரொட்சைட்டு நிறைந்து பி.எச். குறைந்திருக்கும், அதனால் அமோனியாவின் நச்சு அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அமோனியா விழித்துக்கொள்கிறது. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். கடையின் உவர்த்தன்மையைக் கேட்டறிந்து, தனித்தொட்டியை முன்கூட்டியே அந்த அளவில் வைத்திருங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிட்டு பை நீரைக் கொட்டிவிடுங்கள். முதல் நாள் விளக்கு வேண்டாம். இரண்டாம் நாளில் பாசி பிடித்த கல் ஒன்றை உள்ளே வையுங்கள். மூன்றாம் நாளும் மீன் அதைத் தொடாவிட்டால் அமோனியாவையும் செவுளையும் பாருங்கள்.

மீன்களுக்கு ஒன்றுமில்லை, நத்தைகளும் இறால்களும் சாகின்றன

தேயிலையின் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் செப்பு மருந்து அடிக்கிறார்கள். கொழுந்து மலைக்குக் கீழே உள்ள ஊற்றும் பீலியும் அதில் கொஞ்சத்தைக் கொண்டுவரலாம். குடிப்பவருக்குத் தெரியாத அளவு செப்பு, நத்தைக்கும் இறாலுக்கும் முருகைக்கும் நஞ்சு. டாங் அதைத் தாங்கிக்கொள்வதால் மீனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய செப்புக் குழாய், பித்தளைத் தண்ணீர்க்குழாய் வாய் போன்றவையும் இதைச் செய்யும்.

பீலி நீரையும் குழாய் நீரையும் நுண்சவ்வின் வழியே நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியையும் அயன்களை (ions) நீக்கும் பிசினையும் கடக்காமல் தொட்டிக்குள் விடாதீர்கள். குளிர்ந்த நீரில் ஆர்.ஓ. சவ்வு மெதுவாக வேலை செய்யும். 15 பாகை நீரில் கிடைப்பது 25 பாகையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் நீர் சேர்க்கும் நாளுக்கு முதல் இரவே வடிகட்டியைத் திறந்துவிடுங்கள். செப்பு ஏற்கெனவே ஏறிவிட்ட தொட்டியில் செப்பை உறிஞ்சும் பிசினை வடிகட்டியில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு நீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். சோதனைக் கருவி அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் பூச்சியம் காட்டிய பிறகு ஒரு நத்தையை மட்டும் விட்டுப் பாருங்கள். அது பத்து நாட்கள் கண்ணாடியில் ஏறி மேய்ந்தால் மற்றவற்றை வாங்கலாம்.